ஃபால்ஸ் நைன்: ‘பொய் ஒன்பது’ வேண்டாம், ‘விடுமுனை’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்,

2012 யூரோ கால்பந்துக் கோப்பை பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் ஃபால்ஸ் நைன் (நடு முன்கள வீரர் முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு வந்து ஆடும் உத்தி) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். பொய் ஒன்பது, மாய முன்கள வீரர், முனைப்போலி, இறங்குமுனை என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இடையில் பேச்சு சொல்லை விட்டு விலகி, ஸ்பெயின் பயிற்சியாளர் டெல் போஸ்கே செய்தது சரியா, முன்கள வீரர் டோரஸை முதலிலேயே இறக்கியிருக்க வேண்டாமா, இன்னொரு முன்கள வீரர் யோரென்டே என்ன பாவம் செய்தார் என்று அணித்தேர்வு விவாதமாகவும் ஆகிவிட்டது. அதில் தவறில்லை. அந்த விவாதத்தைக் கடைசி வரை கொண்டுபோனால்தான் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதே தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

முதலில் ‘பொய் ஒன்பது’. இதை நான் முழுதாக எதிர்க்கிறேன். தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒன்பது என்ற எண்ணைத் திருநங்கையரை இழிவுபடுத்தும் வசையாக எறிகிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதன் முன்னால் பொய் என்றும் சேர்த்து ஓர் ஆட்டக்காரரின் பெயரோடு ஒட்டிவைத்தால், அடுத்த ஆட்டத்திலேயே அது கேலிச்சொல்லாகி, அடி அந்த மனிதர்கள் மேல்தான் விழும். அகராதிப்படி சரியாக இருக்கிறது என்பதற்காக அப்படி ஒரு சொல்லை நாமே உருவாக்கிக் கொடுக்கக் கூடாது.

அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எண் நமக்கு உதவாது. ஆங்கிலேயருக்கு ஒன்பது என்றால் நடு முன்கள வீரர். பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் நிற்கும் பழைய 2-3-5 அமைப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் இருந்த வழக்கத்திலிருந்து வந்தது அது. 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் ஹங்கேரி 6-3 என்று இங்கிலாந்தை வென்றபோது, ஒன்பதாம் எண் சட்டை போட்ட ஹிதேகுட்டி முன்னால் நிற்காமல் நடுக்களத்துக்கு வந்து வந்து ஆடினார், மூன்று கோலும் போட்டார். அவரைக் காவல் காக்க வேண்டிய ஹாரி ஜான்ஸ்டனுக்கு, பின்தொடர்ந்து போவதா இல்லை தன் இடத்திலேயே நிற்பதா என்பது கடைசி வரை பிடிபடவில்லை. எண்ணை வைத்து ஆளைப் பிடித்த காலம் என்பதால் அங்கே அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கிறது. நம் மைதானங்களில் யாரும் இடத்தை எண்ணால் சொல்வதில்லை. சென்டர் ஃபார்வர்ட் என்றோ ஸ்ட்ரைக்கர் என்றோ சொல்வார்கள், செய்தித்தாளில் முன்கள வீரர். போதாததற்கு 2012இல் ஸ்பெயினுக்கு அந்த வேலையைச் செய்த நடுக்கள வீரர் ஃபாப்ரெகாஸின் முதுகில் இருந்தது 10, ஒன்பதாம் எண் டோரஸிடம். கட்டுரையை முதன்முறை படிக்கும் பள்ளிப் பிள்ளை இதில் எதைப் புரிந்துகொள்ளும்?

அடுத்து முனைப்போலி. நல்ல சிந்தனை, இலக்கணத்திலிருந்து வந்திருக்கிறது: முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று நாம் படித்ததுதான். நிலம் என்பது நிலன் என்று நிற்பது போல, ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார் என்கிறார் பரிந்துரைத்த நண்பர். ஆனால் இலக்கணப் போலியின் உயிரே பொருள் மாறாமல் இருப்பதில்தான் இருக்கிறது. டோரஸ் நிற்கும் இடத்தில் ஃபாப்ரெகாஸ் நின்றால் ஆட்டத்தின் பொருளே மாறிவிடுகிறது, மாற வேண்டும் என்றுதான் பயிற்சியாளர் அப்படிச் செய்கிறார். அப்புறம், இலக்கண வகுப்புக்கு வெளியே போலி என்றால் போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்றுதான் காதில் விழும். மாய முன்கள வீரர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது தலைப்புக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, அணித்தேர்வுக்கு வருகிறேன். அந்தத் தொடருக்கு முன்பு ஸ்பெயினின் நிலை என்ன? முதன்மை முன்கள வீரர் டாவிட் வில்லா 2011 டிசம்பரில் ஜப்பானில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் கால் எலும்பு முறிந்து விலகிவிட்டார். கையில் இருந்தவர்கள் டோரஸ், நெக்ரெடோ, யோரென்டே. ரசிகர்கள் பலர் கேட்டது எளிது: இவர்களில் ஒருவரை முன்னால் நிறுத்து, அதற்காக நடுக்களத்தில் பின்னால் நிற்கும் புஸ்கெட்ஸ், சாபி அலோன்சோ இருவரில் ஒருவரை வெளியே வை. இருவரில் ஒருவரை எடு என்ற கோரிக்கை 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்ற நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. டெல் போஸ்கே இருவரையும் விடவில்லை. போலந்தின் கதான்ஸ்கில் இத்தாலிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மூன்று முன்கள வீரர்களையும் வெளியே உட்காரவைத்துவிட்டு, நடுக்கள வீரர்களான ஃபாப்ரெகாஸ், சில்வா, இனியெஸ்டா ஆகியோரை முன்னால் அனுப்பினார். ஆட்டம் 1-1.

அன்று அது எடுபடாததற்கு இத்தாலியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அவர்கள் பின்னால் மூன்று பேரை வைத்து ஆடினார்கள், அந்த மூவரில் நடுவில் நின்றவர் டே ரோஸ்ஸி, அவர் அடிப்படையில் நடுக்கள வீரர். ஃபாப்ரெகாஸ் கீழே வந்தால் டே ரோஸ்ஸி தயங்காமல் கூடவே வரலாம், பின்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அந்த நடுக்கள இடமும் அவருக்குப் பழக்கமானதுதான். அதாவது முன்னால் ஒரு வெற்றிடத்தை விட்ட ஸ்பெயினுக்கு அதைப் பயன்படுத்த வழியில்லாமல் போனது. அப்படியும் ஸ்பெயினின் ஒரே கோல், சில்வாவின் பாஸில் ஃபாப்ரெகாஸே அந்த இடத்துக்குள் ஓடி அடித்ததுதான் என்பதை மறக்கக் கூடாது. பிறகு உள்ளே வந்த டோரஸுக்கு நல்ல வாய்ப்புகள் கிடைத்தன, கோல் விழவில்லை.

அதன் பிறகு அயர்லாந்துக்கும் குரோஷியாவுக்கும் எதிராக டோரஸ் தொடங்கினார், பிரான்சுக்கு எதிராக மறுபடி ஃபாப்ரெகாஸ், அரையிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக யாரும் எதிர்பாராத விதமாக நெக்ரெடோ. அந்தக் கடைசித் தேர்வு தவறு என்பது என் கருத்து. நெக்ரெடோவுக்குப் பந்தே சரியாகப் போகவில்லை, இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவரை எடுத்துவிட்டு ஃபாப்ரெகாஸை அனுப்பினார்கள், கோல் இல்லாமல் முடிந்து பெனால்டியில்தான் தப்பித்தார்கள். யோரென்டே தொடர் முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அயர்லாந்து போன்ற அணி பெனால்டி எல்லைக்குள் எல்லோரையும் குவித்துக்கொண்டு நின்றால் உயரமான ஒருவர் வேண்டும் என்று இங்கே ஒரு நண்பர் எழுதியது நியாயமான பேச்சுதான், ஆனால் அந்த ஆட்டத்திலேயே டோரஸ் இரண்டு கோல் போட்டு, ஸ்பெயின் 4-0 என்று முடித்துவிட்டது.

இப்போது இறுதி ஆட்டம், 2012 ஜூலை 1, கீவ். எதிரில் அதே இத்தாலி, ஆனால் இம்முறை பின்னால் நால்வர்: நடுவில் பர்சாலியும் போனுச்சியும், இடப்புறம் கியெல்லினி. முதல் கோலைப் பாருங்கள். கீழே வந்து ஆடிக்கொண்டிருந்த ஃபாப்ரெகாஸ் சட்டென்று கியெல்லினியைத் தாண்டி எல்லைக்கோடு வரை ஓடிப் பந்தைப் பின்னால் திருப்பிக் கொடுக்கிறார், நடுவில் காலியாக இருந்த இடத்துக்குள் வந்து தலையால் முட்டியவர் சில்வா. அணியிலேயே உயரம் குறைந்தவர்களில் ஒருவர்! இரண்டாவது கோல் இன்னும் தெளிவு. பந்தை நடுக்கள வீரர் சாவியிடம் கொடுத்துவிட்டு, இடது பின்கள வீரரான ஜோர்டி ஆல்பா தன் பாதியிலிருந்து ஓடத் தொடங்கி, முன்கள வீரர் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்று பந்தை வாங்கி அடிக்கிறார். பின்கள வீரர்! அங்கே ஏற்கெனவே ஒரு ஸ்பெயின் முன்கள வீரர் நின்றிருந்தால் அவரைச் சுற்றி இரண்டு இத்தாலியர்கள் நின்றிருப்பார்கள், ஆல்பாவுக்கு வழி இருந்திருக்காது. பிறகு மாற்று வீரராக வந்த டோரஸும் மாட்டாவும் ஆளுக்கொன்று, 4-0.

இதிலிருந்து என் வாதம் இதுதான். இந்த உத்தியில் பொய்யானவர் யாரும் இல்லை. ஃபாப்ரெகாஸ் யாராகவும் நடிக்கவில்லை. 2009 மே 2 அன்று பெர்னபூவில் பார்சிலோனா ரியல் மாட்ரிட்டை 6-2 என்று வென்றபோது, பயிற்சியாளர் குவார்டியோலா முன்கள வீரர் ஏட்டோவை வலப்புறம் தள்ளிவிட்டு மெஸ்ஸியை நடுவில் வைத்தாரே, அந்த மெஸ்ஸியும் நடிக்கவில்லை. ரியல் மாட்ரிட்டின் பின்கள வீரர்கள் கன்னவாரோவும் மெட்செல்டரும் திணறியது போலி ஆளைக் கண்டு ஏமாந்ததால் அல்ல, காவல் காக்க எதிரில் ஆளே இல்லாததால். உத்தியின் மையம் ஆள் இல்லை, இடம்: வேண்டுமென்றே விட்டுவைத்த இடம். பொய் என்ற சொல்லில் தொடங்கினால் ‘உண்மையான’ முன்கள வீரர் எங்கே என்ற கேள்விதான் மறுபடி மறுபடி வரும், ரசிகர் விவாதம் அங்கேயே சுற்றும். விட்ட இடத்தில் தொடங்கினால் அதற்குள் யார் ஓடுகிறார்கள் என்று கேட்போம். அணித்தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆகவே என் பரிந்துரை விடுமுனை. முனை என்ற சொல் ஏற்கெனவே இரண்டு பேர் கொடுத்ததுதான், போர்முனை என்று நாளும் எழுதுகிறோம், தாக்குதலின் நுனிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை. ‘விடு’ சேரும்போது வினைத்தொகை ஆகிறது: விட்ட முனை, விடுகின்ற முனை, விடும் முனை. மூன்று காலமும் உள்ளே இருக்கிறது, அந்த இடம் ஆட்டம் முழுக்க விடப்படுவதும் நிரப்பப்படுவதும் மறுபடி விடப்படுவதுமாகத்தானே இருக்கிறது. இறங்குமுனையை நான் ஒதுக்குவதும் இதனால்தான், அது கீழே இறங்குவதை மட்டும் சொல்கிறது, ஃபாப்ரெகாஸ் கீவில் செய்தது போல மேலே ஏறி ஓடுவதைச் சொல்லாது. அதோடு விலை இறங்குமுகம் என்று எழுதிப் பழகிய காதுக்கு அது சரிவாகவே கேட்கும்.

விடுமுனை என்றால் ‘விடுபட்டுப்போன, மறந்துபோன’ என்று பொருள் வராதா என்று தனிமடலில் கேட்டவருக்கு: விடுமுறை என்று சொல்லும்போது மறந்துபோன நாள் என்று யாரும் நினைப்பதில்லையே. வேண்டுமென்று விட்டது என்ற பொருள் அந்த அமைப்பில் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. ஒலியும் ஒத்துப்போவதால் வாயில் எளிதாக ஒட்டும்.

ஆளைச் சொல்ல விடுமுனையர். தயவுசெய்து விடுமுனைவர் என்று எழுத வேண்டாம், முனைவர் என்றால் பட்டம் வாங்கியவர் என்றாகிவிட்டது. எதிர்ச்சொல்லாக, முன்னாலேயே நின்று பந்தை வாங்கி நிறுத்தும் யோரென்டே போன்றவருக்கு நிலைமுனையர் என்று வைக்கலாம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

“கீவில் ஸ்பெயின் விடுமுனை வைத்து இறங்கியது.”
“டோரஸ் வந்த பிறகு ஸ்பெயின் விடுமுனையைக் கைவிட்டது.”
“மூன்று பின்கள வீரர்களுக்கு எதிராக விடுமுனை எடுபடுவது கடினம்.”

இலங்கை நண்பர்கள் உதைபந்தாட்டம் என்று எழுதும் இடத்திலும் நாம் கால்பந்து என்று எழுதும் இடத்திலும் இது மாறாமல் நிற்கும், அது ஒரு கூடுதல் வசதி.

தமிழே வேண்டாம், ஃபால்ஸ் நைன் என்றே எழுதுவோம் என்று சொன்ன ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு பதில். கோல், பெனால்டி, ஆஃப்சைடு ஆகியவற்றை மாற்றச் சொல்லி நான் ஒருபோதும் கேட்க மாட்டேன், அவை மைதானத்தில் நின்று கத்தும் சொற்கள், சிறுவயது முதல் காதில் விழுந்தவை. ஃபால்ஸ் நைன் அப்படியில்லை. அதைத் தொலைக்காட்சி விளக்கவுரையிலிருந்து கற்றவர்களுக்குத்தான் புரியும், மற்றவர்களுக்கு எப்படியும் விளக்க வேண்டும். விளக்கம் கட்டாயம் என்றான பிறகு, விளக்கத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சொல்லைக் கொடுப்பதுதானே நியாயம். கட்டுரையில் முதல் முறை வரும்போது மட்டும் ‘ஃபால்ஸ் நைன் எனப்படும் விடுமுனை’ என்று எழுதிவிட்டு, பிறகு விடுமுனை என்றே தொடரலாம்.

கலைச்சொல் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: ‘விடுமுனை: கால்பந்தில், தாக்குதலின் நடு முனையில் நிலையாக யாரையும் நிறுத்தாமல், அங்கே ஆட வேண்டியவர் நடுக்களத்துக்கு வந்து ஆட, அவர் விட்ட இடத்துக்குள் மற்றவர்களோ அவரேயோ ஓடிவந்து தாக்கும் உத்தி.’

டபுள் பிவட் (பின்களத்துக்கு முன்னால் இரண்டு நடுக்கள வீரர்கள் சேர்ந்து நிற்பது) என்பதற்கான தமிழ்ச் சொல் இன்னும் முடியாமல் நிற்கிறது. புஸ்கெட்ஸும் அலோன்சோவும் சேர்ந்து நின்றதற்கு ‘இரட்டை அச்சு’ எனக்குப் பிடித்திருக்கிறது, சுழல்வதும் தாங்குவதும் இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. ஆனால் ஒருவர் மட்டும் நிற்கும்போது ‘ஒற்றை அச்சு’ என்பதா, வெறும் ‘அச்சு’ போதுமா? அச்சு என்றதும் அச்சகம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், அவர் மாற்று ஏதாவது வைத்திருந்தால் அனுப்பட்டும். கட்டுரை எழுதுபவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

அன்புடன்