கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் படி இல்லாத வாழையிலைக் கடை தெரியுமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) பக்கத்து முதியோர் இல்லத்தில் இருப்பவர்களை வாழையிலைச் சாப்பாட்டுக்கு பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போகிறோம். பணம் சேர்ந்துவிட்டது, கடைதான் அமையவில்லை. துன் சம்பந்தன் சாலையில் நல்ல கடைகள் இருக்கின்றன, ஆனால் கடை வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதை கடைக்குக் கடை ஏறி இறங்குகிறது, சக்கர நாற்காலியைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், உள்ளே மேசைகளும் நெருக்கம். பார்வையில்லாத இருவரும் வருகிறார்கள். பார்வையற்றோர் சங்கம் இருக்கிற வட்டாரம் என்று காலால் உணர்ந்து நடக்க மேடுவைத்த கல் பதித்திருக்கிறார்கள், அதன்மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்துவது ரொம்பத் தப்பு.

படி இல்லாத கடை தெரிந்தால் சொல்லுங்கள், பக்கத்தில் வேன் நிறுத்த இடம் இருந்தால் இன்னும் நல்லது. சோற்றைக் கொஞ்சம் குழைவாக வடித்து, ரசத்தில் காரம் குறைத்துத் தர முதலாளி சம்மதிக்க வேண்டும்.

அப்புறம், பரிமாற ஆள் வேண்டும். பார்வையில்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இடது ஓரம் ஊறுகாய், அடுத்தது கீரை, அப்பளம் வலது கைப்பக்கம்” என்று நிதானமாகச் சொல்லும் பொறுமை இருந்தால் போதும். மதியக் கூட்டம் சேருவதற்குள் 11 மணிக்கே உட்கார வைக்க எண்ணம். வர முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.