கறுத்துப்போன 43 அங்குல டிவி: திருத்துவதா, புதிது எடுப்பதா?

கடற்காற்று (வெள்ளவத்தை):
போன வெள்ளிக்கிழமை இரவுச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் டிவி பொசுக்கென்று கறுத்துவிட்டது. சத்தம் மட்டும் வருகிறது. 43 அங்குலம், எல்ஈடி, வாங்கி ஆறு வருடம். சேவை நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "பெனல் போயிட்டுது, இந்த மொடலுக்குச் சாமான் வாறதில்லை, புதுசு எடுங்கோ" என்றார்கள். பார்த்த கூலி 3,500 ரூபா, த்ரீவீல் காசு தனி. புறக்கோட்டையில் திருத்தக் கொடு என்கிறார் மாமா. தவணைக்குப் புதிது எடுப்போம் என்கிறாள் மனைவி. என்ன செய்யலாம்?

சோல்டர் நானா (புறக்கோட்டை):
தம்பி, காசு செலவழிக்க முதல் ஒரு டோர்ச்சை எடுங்கள். இரவில் அறை லைட்டை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். டோர்ச்சைத் திரைக்கு மிகக் கிட்டப் பிடித்துச் சரிவாக அடித்துப் பாருங்கள். உள்ளே ஆட்கள் நிழல் மாதிரி நடமாடினால் பெனல், அதாவது படம் காட்டும் திரை, உயிரோடுதான் இருக்கிறது. செத்தது அதற்குப் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பெக்லைட்.

சின்னச் சின்ன எல்ஈடிகளைப் பட்டியில் பதித்து, கலியாண வீட்டு சீரியல் பல்ப் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் அந்த வரிசைக்கே கரண்ட் போகாது. டிவியும் உஷாராகி முழு வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். ஷோரூமில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பெக்லைட்டை 100இல் வைக்கிறார்கள், வீட்டிலும் அதே 100இல் வருடக்கணக்காக ஓடுகிறது. சூட்டில் வெந்து போகாமல் என்ன செய்யும்? வாரத்துக்கு நாலைந்து இப்படி என் மேசைக்கு வருகிறது.

ஷோரூம் தம்பி (பம்பலப்பிட்டி):
நானா சொல்வது சரிதான், மிச்சத்தை நான் சொல்கிறேன். பெக்லைட்டுக்குப் போக பெனல் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அப்பளம் மாதிரி மெல்லிசு அது. விளிம்பில் ஒட்டியிருக்கும் ரிப்பன் வயர் ஒன்று கிழிந்தாலே டிவியின் கதை முடிந்தது, ஏனென்றால் புதுப் பெனலும் புது டிவியும் ஏறத்தாழ ஒரே விலை. கிழித்தால் யார் பொறுப்பு?

நான் டிவி விற்பவன், மறைக்கவில்லை. ஆனால் திருத்தக் கொடுத்துப் பதினைந்தாயிரத்தைத் தொலைத்துவிட்டு, சலித்துப்போய் என்னிடம் வருகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அப்புறம், வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் உப்புக் காற்று உள்ளே இருக்கும் சர்க்கிட் போட்டைத் தின்றிருக்கும். இன்றைக்கு பெக்லைட், ஆறு மாதத்தில் பவர் போட், அதற்குப் பிறகு ஸ்பீக்கர். புதிதுக்கு வொரண்டி இருக்கிறது, நிம்மதி இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:
நான் இந்தத் தம்பியின் பக்கம். காரணம் சொல்கிறேன். போன வருடம் போன் பட்டரி மாற்றக் கொடுத்தேன். "ஒரிஜினல் அக்கா, கம்பனிப் பெட்டியோட வந்தது" என்று சத்தியம் பண்ணாத குறை. பெட்டியையும் காட்டினார்கள், எழுத்தெல்லாம் நல்ல வடிவாகத்தான் இருந்தது. நாலாம் மாதம் மேசையில் வைத்த போன் ஆடத் தொடங்கியது. என்னடா என்று திருப்பிப் பார்த்தால் முதுகு பொங்கி, ஓரத்தில் திரை நகக்கண் அளவுக்கு எழும்பி நிற்கிறது. அதை என் மகன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான்! கடைக்குப் போனால், "சார்ஜரில போட்டபடி விட்டிருப்பீங்கள்" என்று பழி என் தலையில். 6,000 ரூபாவும் போய், போனும் போய்.

எனவே மாமா சொன்னார், மச்சான் சொன்னார் என்று எந்த மேசையிலும் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

சோல்டர் நானா:
தங்கச்சி, அது நடந்திருக்கும், நான் மறுக்கவில்லை. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே பட்டரி மூன்று விலையில் கிடைக்கும், மூன்றுக்கும் ஒரே லேபல். பொங்கிய பட்டரியைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம், லிதியம் பட்டரி தீப்பிடித்தால் சமாளிப்பது கஷ்டம். 2016இல் நோட் 7 போன்கள் எரிந்து சாம்சங்கே உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தது ஞாபகமிருக்கும். அதுவும் புதுப் போன்தான், ஷோரூம் தம்பி.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம்தான். கழற்றிய பழைய சாமானைக் கையோடு கேட்டு வாங்குங்கள். போட்ட சாமானையும் எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி வாருங்கள்.

உப்புக் காற்று உண்மைதான். போட்டில் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலால் கழுவிக் காயவைத்து மேலே பாதுகாப்பு வார்னிஷ் அடித்தால் நிற்கும். சிப்பின் கால்களையே தின்றிருந்தால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

கடற்காற்று:
டோர்ச் அடித்துப் பார்த்தேன். படம் தெரிகிறது! மகள்தான் முதலில் கண்டாள்: "அப்பா, உள்ளுக்குள்ள பூனை ஓடுது." கார்ட்டூன். அப்படியென்றால் 3,500 ரூபா வாங்கிக்கொண்டு பெனல் போய்விட்டது என்று சொன்னது என்ன கணக்கு?

மொறட்டுவ மாணவன்:
அவர்களிடம் பெக்லைட் பட்டி இல்லை, பெனலோடு சேர்த்துத்தான் மாற்றுவார்கள். எனவே எது போனாலும் 'பெனல்'.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. டிவி மொடல் ஒன்றின் கடைசித் தொகுதி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஏழு வருடத்துக்குத் திருத்துகிறவர்களுக்கு பவர் சப்ளை போன்ற சில உதிரிச் சாமான்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். பிரிட்ஜ் கதவு ரப்பர் என்றால் பத்து வருடம். அதே கம்பனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே சாத்தியமானது கொழும்பில் ஏன் சாத்தியமில்லை? ஐநா கணக்குப்படி 2022இல் மட்டும் உலகத்தில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தியது 22.3 வீதம்தான்.

ஷோரூம் தம்பி:
சட்டம் பேசலாம், தம்பி. வாடிக்கையாளர் சட்டத்தையா பார்க்கப் போகிறார்? அவருக்கு இன்றிரவு டிவி பார்க்க வேண்டும்.

சோல்டர் நானா:
2022 நெருக்கடியிலும் அப்படித்தான் சொன்னீர்களா? டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியது. இறக்குமதிக்குத் தடை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டு. போன கரண்ட் திரும்ப வரும்போது அடித்த அடியில் பிரிட்ஜும் ரௌட்டரும் வரிசையாக என்னிடம் வந்தன. அப்போது ஷோரூம்காரர்களே ஆட்களை என்னிடம் அனுப்பினார்கள்.

ஷோரூம் தம்பி:
அனுப்பினோம். அது கட்டாயம், நானா. கஞ்சி குடித்த காலத்தைக் காட்டி ஆயுளுக்கும் கஞ்சி குடி என்று சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை (தெகிவளை):
இரண்டு பேரும் டிவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். டிவி திருத்துவது லாபம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரிட்ஜில்தான் நானாவோடு சண்டை.

18 வருடப் பழைய பிரிட்ஜை நான் இரண்டு முறை திருத்தினேன், ஒரு முறை காஸ் அடித்தது, மற்றது கம்பிரசர். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு பிளக்கில் மாட்டுகிற மீட்டர் ஒன்றைப் பொருத்திப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 2.1 யூனிட், மாதம் 63. பக்கத்து வீட்டுக்காரரின் இன்வேட்டர் பிரிட்ஜ் (தேவைக்கேற்ப மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) கிட்டத்தட்ட அதே அளவு, அது 0.8. எங்கள் கரண்ட் பில் படிக்கட்டு மாதிரி. 60 தாண்டினால் முதல் யூனிட்டுக்கே வேறு விலை, 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் மேலே ஏறும். எங்கள் வீடு 130இல் நின்றது. நானும் அதே மாதிரிப் புதிது எடுத்ததும் 90க்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று கட்டணம் ஏறியதே, பிறகு குறைத்தாலும் அந்தப் பில்களை நான் இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறேன்.

சோல்டர் நானா:
கணக்கோடு நான் மோதவில்லை. ஆனால் கம்பிரசர் மாற்ற முதல் கதவு ரப்பரை யாராவது பார்த்தார்களா? ஒரு 100 ரூபாத் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுபட வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் அந்த வழியால்தான் போகிறது, மோட்டர் ஓயாமல் ஓடுகிறது. பழைய பிரிட்ஜுக்குப் பழி விழுகிறது, குற்றவாளி ரப்பர்.

கணக்குப்பிள்ளை:
நான் தாள் வைத்துப் பார்க்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரப்பர் மாற்றி 2.1 எப்படி 0.8 ஆகும்?

சோல்டர் நானா:
ஆகாது.

கொட்டாஞ்சேனை அக்கா:
இடையில் ஒரு கேள்வி. ஷோரூமில் பழைய டிவியைக் கொடுத்தால் விலை குறைக்கிறீர்களே, அந்தப் பழையது எங்கே போகிறது?

ஷோரூம் தம்பி:
மாதக் கடைசியில் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். உண்மையைச் சொன்னால், எங்கே என்று நான் கேட்டதில்லை, அக்கா.

சோல்டர் நானா:
எல்லாம் எங்கே போகிறதென்று எனக்கும் தெரியாது. கொஞ்சம் என்னிடம் வருகிறது. கிரிக்கெட் பந்து பட்டுப் பெனல் உடைந்த டிவியின் பவர் போட் நல்லாயிருக்கும், அதைக் கழற்றி வேறு டிவிக்குப் போடுவேன். பெக்லைட் பட்டி மட்டும் பழையது போடமாட்டேன், அதுவும் அதே வருடம் வெந்த எல்ஈடிதானே. முழு செட்டும் புதிதாகவே போட வேண்டும். ஒரு எல்ஈடியை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்தில் இருப்பது போகும்.

கடற்காற்று (ஒன்பது நாள் கழித்து):
நானாவின் கடையில் கொடுக்கவில்லை, மன்னிக்க வேண்டும். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் தெமட்டகொடையில் இருக்கிறார். முழு செட், கூலியோடு 14,000 ரூபா, ஆறு மாத உத்தரவாதம் பில்லில் எழுதித் தந்தார். பழைய பட்டிகளையும் கேட்டு வாங்கினேன். ஷொப்பிங் பேக்கில் போட்டுத் தந்தார். வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், ஒரேயொரு எல்ஈடியின் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி. இதற்காகத்தான் ஒரு டிவியையே எறியச் சொன்னார்கள். இப்போது பெக்லைட்டை 60இல் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தெரிந்தது, இப்போது பழகிவிட்டது.

திரையில் மேல் மூலையில் ஒரு தூசி உள்ளே மாட்டியிருக்கிறது. வெள்ளைப் படம் வந்தால் தெரியும். மனைவி சரியாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று பிரிட்ஜ் கதவில் 100 ரூபாத் தாளை வைத்து மூடினேன். நான் இழுக்க முதலே கீழே விழுந்துவிட்டது. கணக்குப்பிள்ளை அண்ணா, அந்த மீட்டரை இரண்டு நாளைக்கு இரவல் தருவீர்களா? தெகிவளைக்கு நானே வந்து எடுக்கிறேன்.