அப்பா வாசிக்காமல் விட்ட வசனங்கள்

போதகரின் மகனாகப் பிறந்து, போதகர் குடும்பம் தங்கும் குருமனைகளிலேயே வளர்ந்தவன் நான். போதகருடைய வேலை ஞாயிறு ஆராதனையோடு முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். வாரத்தின் மற்ற நாட்களில் அப்பா மருத்துவமனையில் யாருடைய கட்டிலருகிலாவது இருப்பார், பிரிந்துபோக முடிவெடுத்த தம்பதியரோடு பேசிக்கொண்டிருப்பார், அல்லது அடக்க ஆராதனையை முடித்த பிறகும் துக்க வீட்டாரை விட்டு எழுந்து வர மனமின்றி அங்கேயே அமர்ந்திருப்பார். அங்கே கேட்டவற்றை எங்களிடம் சொல்லமாட்டார். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

போதகராக ஏற்படுத்தும் குருப்பட்ட ஆராதனையில், ஊழியத்துக்கான அழைப்பைக் குறித்த கேள்விகள் அப்பாவிடம் மட்டுமே கேட்கப்பட்டன. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது முதலில் எழுந்து விளக்கைப் போட்டவரோ அம்மா. 1525-இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரை மணந்த கத்தரீனா வான் போரா, வித்தன்பெர்க் நகரில் முன்பு துறவுமடமாக இருந்த அந்தப் பெரிய வீட்டில் மாணவர்களையும் விருந்தினரையும் தங்கவைத்து, தோட்டத்தையும் கால்நடைகளையும் கவனித்துக் குடும்பத்தை நடத்திய வரலாற்றை வாசித்தபோது, எனக்கு அம்மாவின் முகமே நினைவுக்கு வந்தது.

பதினாறு வயதில் நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். கடவுளை மறுத்ததால் அல்ல, எதைச் செய்தாலும் "போதகர் மகன் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டவர்களின் பார்வையைத் தாங்க முடியாததால். தன் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்னும் 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்து வார்த்தையைச் சபைக் குழுவில் ஒருவர் அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வசனம் போதகரின் பொறுப்பைப் பற்றியது. பிள்ளைகளை ஊரார் அளந்து பார்ப்பதற்குக் கொடுக்கப்பட்ட கோல் அல்ல என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

அன்றிரவு அப்பா என் அறைக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தார். 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரம். சிறுவன் சாமுவேல் தேவன் தன்னை அழைப்பதைக் கேட்டு, தான் பணிவிடை செய்துவந்த ஆசாரியராகிய ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று முறை அவரிடம் ஓடுகிற அந்தப் பகுதி அவருக்கு மிகவும் பிரியமானது. தம்முடைய அழைப்பைக் குறித்துப் பேசும்போதெல்லாம் அதையே சொல்லுவார். "அடியேன் கேட்கிறேன்" என்று சாமுவேல் மறுமொழி கொடுக்கும் 10-ஆம் வசனத்தோடு எப்போதும் நிறுத்திக்கொள்வார். அன்று மட்டும் அதைத் தாண்டியும் வாசித்தார். சாமுவேலுக்கு அந்த இரவில் சொல்லப்பட்ட செய்தி, தன் குமாரர் தவறு செய்தும் அவர்களை அடக்காத ஏலியின் குடும்பத்துக்கு வரவிருந்த நியாயத்தீர்ப்பு.

"இதை நான் பிரசங்கத்தில் வாசித்ததே இல்லை. சபையார் உன்னை நினைத்துக்கொள்வார்களே என்று பயந்தேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனால் இது என்னைப் பற்றியதுதான். தேவனுடைய சத்தத்தை எப்படிக் கேட்பது என்று ஊரார் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஏலிக்குத் தெரிந்திருந்தது. நானும் எத்தனையோ பேர் சொன்னதை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நீ சொல்ல வந்ததை மட்டும் கேட்டதில்லை" என்றார்.

அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு நான் பேசினேன்; பள்ளியில் நடந்தவை, ஆலயத்தில் என்னை உறுத்தியவை, அவர்மேல் இருந்த கோபம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதற்கும் விளக்கம் சொல்லவில்லை. நான் மறுபடியும் ஆலயத்துக்குப் போக ஏழெட்டு மாதங்கள் ஆயின. அந்நாட்களில் ஒரு முறைகூட அவர் என்னை வற்புறுத்தவில்லை.

அந்த இரவு நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி இரண்டு முறை ஒலித்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மா எடுத்து, அவர் காலையில் வருவார் என்று மெல்லிய குரலில் யாருக்கோ சொன்னது எங்கள் இருவருக்கும் கேட்டது.