'அப்டேட்', 'அப்கிரேட்' இரண்டுக்கும் ஒரே 'புதுப்பி' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதி, சேலம் அஞ்சு ரோடு பக்கம் நடக்கும் எங்கள் வகுப்பில் கொடுத்து வருகிறோம். மென்பொருள் நிறுவும் பாடத்தில், 'ஆப்ட்' என்ற நிறுவும் கருவியின் கட்டளைகளான 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்' இரண்டுக்கும் 'புதுப்பி' என்றே இருக்கிறது. பிள்ளைகள் முதல் கட்டளையை ஓட்டிவிட்டு "புதுப்பிச்சாச்சு சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஒரு மென்பொருள்கூட மாறியிருக்காது.

அப்டேட் செய்வதெல்லாம், இணையத்தில் உள்ள மென்பொருள் களஞ்சியத்தில் என்னென்ன பொதிகள் (பேக்கேஜ்கள்) எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற பட்டியலை இறக்குவதுதான். லீ பஜாரில் அன்றைய விலைப்பட்டியலை வாங்கி வந்த மாதிரி. மூட்டை இன்னும் மண்டியில்தான் கிடக்கிறது. அதைக் கொண்டுவந்து, நிறுவிய மென்பொருளைப் புதுப் பதிப்புக்கு மாற்றுவது அப்கிரேட். ஆனால் புது மென்பொருள் தேடுகிறவருக்கு அந்தப் பட்டியல்தான் கண். அது பழையதாக இருந்தால் 'ஆப்ட் சர்ச்' புதிதாகச் சேர்ந்த பொதியைக் காட்டாது. நிறுவப் போனாலும், களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்ட பழைய கோப்பைக் கேட்டு, 'கோப்பு இல்லை' என்ற 404 பிழையில் நின்றுவிடும்.

என் முன்மொழிவு:
அப்டேட் – பட்டியல் புதுப்பி
அப்கிரேட் – பதிப்பேற்று

'மேம்படுத்து' வேண்டாம். 'மென்பொருள் மேம்பாடு' என்று நிரல் எழுதும் வேலைக்கே அதைக் கொடுத்துவிட்டோம்.

—

> அப்கிரேட் – பதிப்பேற்று

சார், முதல் சொல்லுக்கு என் ஓட்டு உண்டு. இரண்டாவது இடிக்கிறது. 'பதிவேற்று' என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே! வேகமாகப் படித்தால் அப்லோடு என்றுதான் கண்ணில் படும். ஏற்காட்டில் ஒரு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு, எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. 'பதிப்புயர்த்து' என்று வைக்கலாமா? பெயர்ச்சொல் பதிப்புயர்வு, விலையுயர்வு போல வாயில் தானாக வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துத் தமிழ்ச்சொல் வைத்தால் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் மாட்டிக்கொள்வோம். அங்கே 2015இல், 22ஆம் பதிப்பில், யம் என்ற நிறுவும் கருவி போய் டிஎன்எஃப் வந்தது. அதில் 'அப்டேட்' என்று அடித்தாலும் அப்கிரேட் வேலைதான் நடக்கும். பட்டியலை மட்டும் இறக்க 'மேக்கேஷ்' என்று தனிக் கட்டளை. ஆகவே டிஎன்எஃப் அப்டேட்டுக்கு நேராகவும் 'பதிப்புயர்த்து' என்றே எழுத வேண்டும். கட்டளையின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், அது செய்யும் வேலைக்குத்தான் நாம் பெயர் வைக்கிறோம்.

—

பதிப்புயர்த்து, நன்றாக இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

'ஃபுல் அப்கிரேட்' பாக்கி. 'முழுப் பதிப்புயர்வு' என்றால் ஏதோ கூடுதல் நன்மை என்று நினைத்து எல்லோரும் அதையே அடிப்பார்கள். வெறும் அப்கிரேட் நிறுவிய பொதி எதையும் நீக்காது. இது தேவைப்பட்டால் நீக்கும். அதனால் 'நீக்கியும் பதிப்புயர்த்து' என்று எழுதப் போகிறேன். நீளம்தான், பரவாயில்லை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்களன்று அச்சுக்குப் போகிறது.