லிஸ்னர் இல்லாத சர்வரும் வெளியே வராத சிடியும்

ராணிப்பேட்டையிலிருந்து

2002ஆம் ஆண்டு. சிப்காட் பக்கம் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பிரின்டரில் சிக்கிய காகிதத்தை ஒரு முறை எடுத்துக் கொடுத்த குற்றத்துக்காக, ‘கம்ப்யூட்டர் தெரிந்த பையன்’ என்று பெயர் வாங்கியிருந்தேன். சர்வரில் ஆரக்கிள் 8ஐ (8i) என்ற தரவுத்தளம் ஓடியது. புதிதாக வந்த இரண்டு பென்டியம் 4 கணினிகளில், அந்தச் சர்வரோடு பேச உதவும் கிளையன்ட் மென்பொருளை நிறுவும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சிடியைப் போட்டேன். வரவேற்புத் திரை வந்தது. நிறுவு என்பதை அழுத்தினால் மணற்கடிகாரம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறைந்தது. பிழைச் செய்தி இல்லை, சத்தம் இல்லை, எதுவுமே நடக்காதது போல விண்டோஸ் 2000 அமைதியாக உட்கார்ந்திருந்தது. பத்து முறை அழுத்தியிருப்பேன். மேலாளர் எழுந்து வந்து, “சிடியைத் துடைத்துப் பார்த்தாயா தம்பி?” என்றார். துடைத்தேன். அவரும் வாங்கித் தன் வேட்டி நுனியால் ஒரு முறை துடைத்தார். அதே சிடியைப் பக்கத்து மேசையில் இருந்த பழைய பென்டியம் 3இல் போட்டபோது மளமளவென்று ஓடியது. அப்போதுதான் சிடியின் மேல் இருந்த சந்தேகம் போனது.

வேலூர் பழைய பஸ் நிலையத்துக்கு அருகே கணினி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். டீ ஆறுவதற்குள் காரணத்தைச் சொல்லிவிட்டார். நிறுவும் நிரல் ஜாவாவில் எழுதியது. அதனுடன் வரும் சிம்சிஜிட்.டிஎல்எல் என்ற கோப்பு, ஜாவாவை ஓட ஓட எந்திர மொழிக்கு மாற்றிக் கொடுப்பது. அதற்கும் பென்டியம் 4க்கும் ஒத்துவராது. அந்தச் சிப் சந்தைக்கு வந்ததே 2000 நவம்பரில்தான், அந்தக் கோப்பு அதற்கு முந்தைய காலத்தது; யாரை நோவது? சிடியில் இருப்பதை மாற்ற முடியாது. எனவே சிடி முழுவதையும் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதில் அந்தக் கோப்பைத் தேடிப் பெயரை மாற்றிவிட்டு, அங்கிருந்தே நிறுவ வேண்டும். அப்படியே செய்தேன். ஓடியது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. மறுநாள் காலை இணைப்புக் கொடுத்தால் ஓஆர்ஏ-12541: லிஸ்னர் இல்லை. இரவு மின்சாரம் போய் வந்ததில் சர்வர் எழுந்துவிட்டது, வாசலில் நின்று இணைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் லிஸ்னர் மட்டும் எழவில்லை. எங்கள் மூத்த கணக்கர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னார்: “தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம் வேலூரைச் சொல்வார்கள். இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்.”

உங்களில் யார் யாருக்கு எந்தச் சிஸ்டத்தில் என்ன நடந்தது? சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து

அண்ணா, உங்களுக்கு சிடி உள்ளே போய் வேலை செய்யவில்லை. எனக்கு உள்ளே போன சிடி வெளியே வரவில்லை.

2004 மே மாதம். கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் கணினிகளில் ஆரக்கிள் 9ஐ (9i) கிளையன்ட் நிறுவ வேண்டும். கத்திரி வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆய்வகத்தில் ஏசி, சர்வர் இருக்கும் கண்ணாடி அறைக்கு மட்டும்தான். மூன்று சிடிகள் கொண்ட தொகுப்பு அது. விண்டோஸில் பழகிய கை, ‘போட்டால் தானாக ஓடும்’ என்று காத்திருந்தது. ஓடவில்லை. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக நுழைந்து சிடியை மவுன்ட் செய்தேன், அதாவது லினக்ஸ் படிக்கும்படி இணைத்தேன். நிறுவியைத் தொடங்கினால், ரூட்டாக இருந்தால் நிறுவ மாட்டேன் என்று மறுத்துவிட்டது. நியாயம்தான், ஆனால் கணினிக்கே எஜமானனாக நுழைந்தவனை வாசலிலேயே நிறுத்துவது அன்று எனக்கு அவமானமாக இருந்தது. ஆரக்கிள் என்று தனியாகப் பயனர் ஒருவரை உருவாக்கி அவராக மாறினேன். இப்போது திரையைத் திறக்க அனுமதி இல்லை என்றது. திரை, ரூட்டின் பெயரில் திறந்த திரை; வந்திருப்பவர் வேறு ஆள். எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையால் அனுமதி கொடுத்து, எந்தத் திரையில் காட்ட வேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே என்ற மாறியையும் சரிசெய்த பிறகு நிறுவியின் முகம் தெரிந்தது.

இதற்குள் செய்யக் கூடாத ஒன்றைச் செய்திருந்தேன். கட்டளை வரியில் ஒரு கோப்புறைக்குள் நுழையும் கட்டளையின் பெயரும் சிடிதான். சிடி போட்டு சிடிக்குள் நுழைந்து, அங்கே நின்றபடியே நிறுவியைத் தொடங்கியிருந்தேன். பாதி வேலை முடிந்ததும் இரண்டாவது தகட்டைப் போடு என்றது. டிரைவின் பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. சிடியின் இணைப்பைத் துண்டிக்கும் அன்மவுன்ட் கட்டளை கொடுத்தேன். சாதனம் வேலையில் இருக்கிறது என்றது.

ஆய்வக உதவியாளர் ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, டிரைவின் முகத்தில் இருக்கும் ஊசித் துளைக்குள் விட்டு நெம்பத் தயாரானார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தட்டை இழுத்து எடுத்துவிடலாம்தான், ஆனால் பழைய தகடு இன்னும் உள்ளே இருப்பதாகவே லினக்ஸ் நினைத்துக்கொண்டிருக்கும். கட்டளை அடிக்கும் என் டெர்மினலில், சிடியின் கோப்புறையை விட்டு வெளியே வந்து பார்த்தேன், அப்போதும் விடவில்லை. நான் வெளியே வந்தால் போதுமா? நான் தொடங்கிவைத்த நிறுவி, தொடங்கிய இடத்தையே தன் இருப்பிடமாக வைத்துக்கொண்டு உள்ளேயே நிற்கிறது. அது முடியாமல் சிடி வெளியே வராது, சிடி வெளியே வராமல் அது முடியாது. நாற்பது நிமிடம் ஓடிய நிறுவலை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாம் முறை வீட்டுக் கோப்புறையிலேயே நின்றுகொண்டு, சிடியில் இருக்கும் நிறுவியை முழு முகவரி கொடுத்து அழைத்தேன். தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. கடைசியில் ரூட்.எஸ்எச் என்ற கோப்பை ரூட்டாக ஓட்டு என்று கேட்டது. முதலில் உள்ளே விடாத அதே எஜமானனை முடிவில் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டது.

குடியாத்தத்திலிருந்து

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் மூன்று நாள் தின்றது. விண்டோஸ் எக்ஸ்பி. நிறுவல் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. சர்வரின் முகவரியும் 1521 என்ற போர்ட் எண்ணும் இருக்கும் டிஎன்எஸ்நேம்ஸ்.ஓரா கோப்பை நோட்பேடில் எழுதிச் சேமித்தேன். இணைத்தால் ஓஆர்ஏ-12154. கொடுத்த பெயரை அடையாளம் தெரியவில்லை என்று பொருள். அடைப்புக்குறிகளை விரல் வைத்து எண்ணினேன். திறந்தவை எத்தனையோ மூடியவையும் அத்தனையே. மூன்றாம் நாள் கோப்புறை விருப்பங்களில், தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை மறைக்கும் குறியை நீக்கிப் பார்த்தால், கோப்பின் உண்மையான பெயர் டிஎன்எஸ்நேம்ஸ்.ஓரா.டிஎக்ஸ்டி! நோட்பேட் தன் வாலை ஒட்டியிருக்கிறது, விண்டோஸ் அதை மறைத்திருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பின் பெயர் வரியின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும். அழகுக்காக முன்னால் ஓர் இடைவெளி விட்டால், அதை மேலே உள்ள பதிவின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளும்.

ஆம்பூரிலிருந்து

நான் பெங்களூருவில் எச்பி-யூஎக்ஸ் (எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளம்) ஓடும் கணினிகளோடு வேலை பார்த்தவன். அதில் சாதாரணமாக சிடியை மவுன்ட் செய்தால் கோப்புப் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில், நறுக்கப்பட்டு, கடைசியில் ஓர் அரைப்புள்ளியும் 1 என்ற எண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சிடியில் கோப்புகளை எழுதும் ஐஎஸ்ஓ 9660 முறையின் கண்டிப்பு அது. நீளமான பெயர்கள் ராக் ரிட்ஜ் என்ற துணை முறையில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்க அன்றைய எச்பி-யூஎக்ஸில் பின்னணியில் இரண்டு நிரல்களைத் தொடங்கிவிட்டு, பிஎஃப்எஸ்_மவுன்ட் என்ற வேறு கட்டளையால் மவுன்ட் செய்ய வேண்டும். சன் நிறுவனத்தின் யூனிக்ஸான சொலாரிஸில் இந்தத் தொல்லை இல்லை. தகட்டைப் போட்டால் அதுவே மவுன்ட் செய்துகொள்ளும்.

சத்துவாச்சாரியிலிருந்து

குடியாத்தத்து அண்ணன் அடைப்புக்குறிகளை எண்ணியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. என் கதையும் அடைப்புக்குறிதான், ஆனால் கோப்புக்குள் இல்லை.

விண்டோஸ் 7, 64 பிட். பழைய பில்லிங் மென்பொருள் 32 பிட். அலமாரியில் இருந்த பழைய 32 பிட் கிளையன்ட் சிடியையே நிறுவினேன், கோப்பும் சரி, பெயரும் சரி. கிளையன்டோடு வரும் எஸ்கியூஎல் பிளஸ் நிரல் இணைகிறது, பில்லிங் மென்பொருள் மட்டும் 12154 என்கிறது. ஒரே கணினி, ஒரே கிளையன்ட், ஒரே கோப்பு! மென்பொருளை சி டிரைவில் ‘பில்’ என்ற கோப்புறைக்கு மாற்றினேன், உடனே இணைந்தது. 32 பிட் நிரல்கள் போய் உட்காரும் கோப்புறையின் பெயர் புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86). கிளையன்ட், இணைப்பு விவரத்தோடு எந்த நிரல் அழைக்கிறது என்ற முகவரியையும் அடைப்புக்குறிகளுக்குள் வைத்து அனுப்புகிறது. அந்த முகவரிக்குள்ளேயே அடைப்புக்குறி இருந்தால் பழைய பதிப்புகள் குழம்பிவிடும். பிந்தைய பதிப்புகளில் சரிசெய்துவிட்டார்கள்.

மென்பொருளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஓடிபிசி அமைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 32 பிட் நிர்வாகக் கருவி சிஸ்வாவ்64 கோப்புறையிலும், 64 பிட் கருவி சிஸ்டம்32 கோப்புறையிலும் இருக்கிறது. நான் தவறாகத் தட்டச்சு செய்யவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து

காட்பாடித் தம்பி, உன் கதையைப் படித்துவிட்டு, அன்று ஜெம் கிளிப்பைத் தடுத்த உன் கைக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒன்று வைக்கலாம் என்று தோன்றியது. நான் அப்படித் தடுக்காமல் ஒரு டிரைவை உடைத்திருக்கிறேன்.

இன்று என் மகன் இன்ஸ்டன்ட் கிளையன்ட் என்ற சுருக்கக் கோப்பை இறக்கி, விரித்து, நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் என்ற மாறியில் சேர்த்துவிட்டு, “முடிந்தது அப்பா” என்கிறான். அவன் மடிக்கணினியில் சிடி போட இடமே இல்லை. என்னிடம் இருந்த பழைய தகடுகளைக் கேட்டு வாங்கிப்போன என் மாமனார், வாலாஜா பக்கம் தன் கம்பங்கொல்லையில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். போன மாதம் போனபோது பார்த்தேன். அதில் ஒன்று காற்றில் திரும்பித் திரும்பி மின்னிக்கொண்டிருந்தது. மேலே மார்க்கர் பேனாவில் நான் எழுதிய ‘பெ-4க்கு ஆகாது’ இன்னும் அழியவில்லை.