சென்ட்ரேலியாவின் பழைய 61-ஆம் எண் சாலையை மண்போட்டு மூடியது சரியா?

மலைப்பாதை:
அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் சென்ட்ரேலியா ஊரை ஒட்டி, ஒரு மைல்கூட வராத பழைய மாநில நெடுஞ்சாலைத் துண்டு ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் லாரி லாரியாக மண் கொட்டி அதை மூடிவிட்டார்கள். என்னைக் கேட்டால் பெரிய தவறு. 1962-இல் குப்பைமேட்டில் வைத்த தீ நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் அதனால் காலியானது, வீடுகளை இடித்தார்கள், 2002-இல் அஞ்சல் குறியீட்டையும் எடுத்துவிட்டார்கள். பூமிக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குக் காட்டியது பிளந்து புகைந்த அந்தத் தார்ச்சாலைதான்.

கருங்கல்:
எங்கே காட்டியது? 1993-இல் போக்குவரத்தை நிறுத்தியபிறகு வந்தவர்கள் தார் தெரியாத அளவுக்குப் பெயிண்ட் அடித்து 'கிராஃபிட்டி ஹைவே' ஆக்கிவிட்டார்கள். 2018-இல் அரசு உரிமையை விட்டுக்கொடுத்தபிறகு அது தனியார் நிலம், யாருக்காவது ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? கொரோனா ஊரடங்கிலும் கூட்டம் நிற்கவில்லையே. 1981-இல் அந்த ஊரில் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் நின்ற 12 வயதுப் பையனின் காலடியில் நிலம் உள்வாங்கியது, உறவுக்காரப் பையன் இழுத்துப் போட்டதால்தான் பிழைத்தான். ஊரின் நினைவு வேண்டுமென்றால் கல்லறைகள் இருக்கின்றன, மலைமேல் உக்ரேனியத் தேவாலயத்தில் இன்றும் பூசை நடக்கிறது.

வழித்துணை:
இருவருமே பைர்ன்ஸ்வில் என்ற பக்கத்துச் சிற்றூரை விட்டுவிட்டீர்கள். 61-ஆம் எண் சாலை நின்றுபோகவில்லை, பக்கத்தில் பைர்ன்ஸ்வில் வழியாகப் போன பழைய பாதையை அகலப்படுத்தி அதில் திருப்பிவிட்டார்கள். அந்தச் சிற்றூரும் இதே தீயால் காலியானதுதான், கடைசி வீட்டை 1996-இல் இடித்தார்கள். இன்று வண்டிகள் போவது ஒரு செத்த ஊரின் மேல்தான், அதற்காக வருத்தப்பட ஒரு ஆள் இல்லை.

மலைப்பாதை:
அதையேதான் நானும் சொல்கிறேன் நண்பரே, கண்ணில் படாதது மறந்துபோகும். தேவாலயம் மக்களின் நம்பிக்கையைச் சொல்லும், சரி. தீயை ஆரம்பத்திலேயே ஒழுங்காக அணைக்காததால் பின்னால் மக்களை இடம்மாற்ற மட்டும் 4.2 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்ததே, அந்த அலட்சியத்தை எது சொல்லும்? வேலி போட்டு கொஞ்ச தூரமாவது விட்டுவைத்திருக்கலாம்.

கருங்கல்:
வேலி போட்டாலும் தாண்டுவார்கள். 1992-இல் அரசு வீடுகளைக் கையகப்படுத்தியும் போகமாட்டோம் என்று வழக்காடி, உயிருள்ளவரை அங்கேயே இருக்க 2013-இல் உரிமை வாங்கிய சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் வெளியூர்க் கூட்டம் வந்து குப்பை போடுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், சாலை மண்ணுக்கடியில் இருப்பதே மேல்.