முதலில் ஊரைச் சொல்லுங்கள், பிறகு கருத்தைச் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

ஞாயிறு இரவு நடக்கும் எங்கள் அரசியல் பேச்சு நேரலையைத் தவறாமல் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அங்கே யார் என்ன கருத்தைச் சொன்னாலும் சற்று நேரத்தில் "நீங்கள் எந்த ஊர்?" என்று ஒருவர் கேட்டுவிடுவார். அரிசி விலையைப் பேசினாலும் அதே கேள்விதான், பெண் வேட்பாளர்களைப் பேசினாலும் அதே கேள்விதான். கொழும்பில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். என்னுடையதை நான் முதலில் எழுதிவிடுகிறேன்.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் முடிவுகள் வந்த வாரம் அது. நாடு முழுவதும் தெற்குக் கட்சியான தேசிய மக்கள் சக்திக்கு 159 ஆசனங்கள். யாழ்ப்பாண மாவட்டத்திலும் 6 இல் 3 அவர்களுக்கே. பேச்சு தொடங்கியதுமே அரட்டைப் பெட்டியில் சண்டை மூண்டுவிட்டது. கனடாவிலிருந்து ஒருவர் "சனம் விலைபோய்விட்டது" என்று எழுதினார். காசு கட்டி அனுப்பிய சூப்பர் சாட் என்பதால் அந்த வரி நிறம் பூசிக்கொண்டு மேலே ஒட்டி நின்றது. மற்றவர்கள் எழுதியதெல்லாம் அதன் கீழே ஓடி மறைந்தது. தமிழ்க் கட்சிகள் இத்தனை துண்டாகப் பிரிந்து நின்று கேட்டால் ஆசனம் எப்படிக் கிடைக்கும் என்று சாவகச்சேரித் தம்பி ஒருவர் திருப்பிக் கேட்டார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அந்த மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி எடுத்தது மொத்த வாக்குகளில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதிக வாக்கு எடுத்த கட்சி என்பதால் போனஸ் ஆசனம் ஒன்று முதலிலேயே அவர்களுக்குப் போய்விடும். 5 வீதத்தைத் தொடாத கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் எடுத்த வாக்குகள் கணக்கிலிருந்தே கழிக்கப்பட்டுவிடும். மிச்சத்தைப் பங்கிட்டால் 3 வருகிறது. இதில் துரோகத்தைத் தேடுவதற்கு முன் கூட்டல் கழித்தலைப் பார்க்கலாமே என்று எழுதினேன். கொழும்பு மாவட்டத்தில் தமிழ் முற்போக்குக் கூட்டணித் தலைவர் மனோ கணேசன் தோற்றிருந்தார் (பின்னர் தேசியப் பட்டியலில் வந்தது வேறு கதை). இங்குள்ள தமிழ் வாக்கு எங்கே போனது என்பதையும் பேசுவோம் என்று கேட்டேன்.

"கொழும்பில் ஏசிக்குக் கீழே இருந்துகொண்டு எங்கள் மண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். சொந்த ஊர் எது?" என்று பதில் வந்தது.

என் வீட்டில் ஏசி கிடையாது. சுவரில் மாட்டிய மின்விசிறி ஒன்று இருக்கிறது, அதுவும் ஒரு பக்கம்தான் திரும்பும். கொட்டாஞ்சேனை என்று எழுதினேன். "அது இருக்கட்டும், சொந்த ஊர்?" என்று மறுபடி கேட்டார். என் தாத்தா செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அப்பாவும் நானும் பிறந்தது கொழும்பில். ஆளை விட்டால் போதும் என்று தாத்தாவின் ஊரைச் சொன்னேன், பருத்தித்துறைப் பக்கம். உடனே, பருத்தித்துறையில் எந்தக் குறிச்சி, யாருடைய ஆட்கள் என்று அடுத்த கேள்வி. அதற்கு நான் பதில் எழுதவில்லை. அந்தக் கேள்வி எதை அறியத் துடிக்கிறது என்பது இதை வாசிக்கும் ஒருவருக்கும் தெரியாததல்ல. என் ஆசனக் கணக்கை அன்று ஒருவரும் தொடவேயில்லை.

கொழுந்துக்கூடை எழுதியது:

அண்ணா, உங்களுக்குச் சொல்வதற்குத் தாத்தாவின் ஊராவது இருந்தது. நான் பொகவந்தலாவை என்று எழுதினால் "ஓ, தோட்டமா?" என்று வருகிறது. அதற்குப் பிறகு நான் சொல்வது எதுவாக இருந்தாலும் அது பரிதாபக் கதையாகிவிடும்.

புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆமர் வீதிப் பக்கம் ஓர் அறையில் இன்னும் இரண்டு பெண்களுடன் தங்கியிருக்கிறேன். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று முடிவானபோது நேரலையில் அதைப் பேச எடுத்தார்கள். 2021 இல் 1,000 ரூபாய்க்கு எவ்வளவு இழுபறி நடந்தது என்பது எங்களுக்கு மறக்காது. பேச்சில் கலந்துகொண்ட ஒருவர், இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் தேயிலைத் தொழில் படுத்துவிடும் என்றார். அது ஒரு வாதம், மறுக்கலாம், பேசலாம். நான் நிறுவையைப் பற்றி எழுதினேன். அம்மா கொழுந்துச் சாக்கைத் தராசில் மாட்டும்போது முள் ஒரு கணக்குக் காட்டும். சாக்குக்கு இவ்வளவு, இலையில் உள்ள ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுக் கணக்கப்பிள்ளை வேறொரு கணக்கை எழுதுவார். மழை நாளில் ஈரத்துக்கான கழிவு கூடும்; வெயில் நாளில் அது குறைந்ததை நான் பார்த்ததில்லை. நாட்சம்பளம் எத்தனை ரூபாய் என்பதைவிட, குறித்த கிலோ வராவிட்டால் அந்த நாள் அரை நாளாகிவிடுவதுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

இதற்கு ஓர் அம்மா எழுதிய மறுமொழி: "எல்லாம் சரி பிள்ளை, இப்போது வீட்டு வேலைக்கு மலைநாட்டிலிருந்து ஒரு பிள்ளையும் கிடைப்பதில்லையே, எல்லோரும் வசதியாகிவிட்டார்கள் போலிருக்கிறது."

டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வேலைக்கிருந்த வீட்டில் எரிகாயங்களுக்கு உள்ளாகி இறந்தது 2021 இல். வேலைக்கு வைத்துக்கொள்ளும் குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆகச் சட்டத்தில் உயர்த்தியதும் அதே ஆண்டில்தான். இரண்டையும் எழுதினேன். "அனுப்புகிறது உங்கள் தாய் தகப்பன்தானே?" என்றார் அவர். சரி, குரல் வழியாக வந்து பேசுங்கள் என்று நெறியாளர் அழைத்தார். அந்த அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. அடுத்த நொடி யாரோ, வெள்ளவத்தையில் தண்டவாளத்தை ஒட்டிய கடற்கரை வீதியை வைத்து, "மரைன் டிரைவ் மாளிகை" என்று எழுத, சிரிப்புப் படங்கள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. வெள்ளவத்தைக்காரர்களுக்கு இதெல்லாம் தேவையா என்று ஆளாளுக்கு அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்காகத்தான் அத்தனையும். ஆனால் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த அம்மா சொன்னது பிழை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பதால் அது பிழையாகவில்லை. இந்தக் கூட்டம் என்னை நேற்று வரை எப்படி மடக்கியதோ, அப்படியே அவரையும் மடக்கியது.

மட்டக்குளி மரியா எழுதியது:

என்னிடம் ஒருவரும் ஊர் கேட்டதில்லை. பெயரைப் பார்த்தே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

நெறியாளர்களில் ஒருவன் எழுதியது:

அரட்டைப் பெட்டிக்குக் காவல் இருப்பவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். யார் எங்கிருந்து எழுதுகிறார்கள் என்பது எனக்குக் கேட்காமலே தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவர் எழுதியது எழுதியபடி கிடக்கும். கொழும்பில் இருப்பவர் எழுதுவார், அரை மணி நேரம் கழித்துத் தானே அழித்துவிடுவார்.

2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது சமூக ஊடகங்களை முடக்கினார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும் முடக்கினார்கள். 2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் முடக்கினார்கள். அவை வந்தன, போயின. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அப்படியில்லை. 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு ஒரு கூற்றைத் தடைசெய்யப்பட்ட கூற்று என்று கண்டால் நீக்கச் சொல்லலாம். குற்றம் நிரூபணமானால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. எங்கள் நேரலைக்கு எவரும் ஒரு கடிதம் அனுப்பியதில்லை. ஆனாலும் சட்டம் வந்த மாதத்திலேயே பழைய உறுப்பினர்கள் பலர் தங்கள் படத்தை எடுத்துவிட்டு மல்லிகைப்பூவையோ கடற்கரையையோ போட்டுக்கொண்டார்கள். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்கள்தான் முதலில்.

2022 மே 18 அன்று காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரல் நடந்து கஞ்சி வழங்கப்பட்டதே, அந்தக் காணொளியைப் போட்டபோது இப்படியில்லை. சிங்களத்தில் எழுதியவர்களும் தமிழில் எழுதியவர்களும் விடியும்வரை மோதிக்கொண்டார்கள். "இத்தனை வருடமாக எங்களுக்கு இதைச் சொல்லவில்லையே" என்று சிங்களத்தில் ஒருவர் எழுத, "கேட்டீர்களா?" என்று கல்கிசையிலிருந்து ஒரு தமிழர் சிங்களத்திலேயே கேட்டார். இன்று அந்தத் தமிழர் நேரலையில் இருக்கிறார், பார்க்கிறார், ஒரு வரி எழுதுவதில்லை. அவர் விட்ட இடத்தில் டொரன்டோவும் லண்டனும் எழுதுகின்றன. பிறகு கொழும்புக்காரர் வாய் திறப்பதில்லை என்று அவர்களே குறைபடுகிறார்கள். ஊர் கேட்பவர்கள், அந்த ஊரில் என்ன எழுதினால் யார் கதவைத் தட்டுவார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால் நன்றாக இருக்கும்.

தெமட்டகொட வாசகி எழுதியது:

தமிழில் பேசி, தமிழில் படித்து, தமிழில் சண்டையும் போடுகிறேன். ஆனால் நேரலையில் எனக்கு வரும் கேள்வி "நீங்கள் எங்கள் விஷயத்தில் ஏன்?" என்பது. ஊர் கேட்கும் அளவுக்குக்கூடப் போவதில்லை.

கொவிட் காலத்தில் எங்கள் முஸ்லிம் ஜனாஸாக்களை (இறந்தோர் உடல்களை) எரித்ததைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தது. நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி இறுதியில். அதுவும் கிழக்கில் இருக்கும் ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கொழும்பில் மௌத்தானவரை அத்தனை தூரம் கொண்டுபோனார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த மன்னிப்பு போதுமா என்பதுதான் அன்றைய தலைப்பு. கருத்துச் சொன்ன பலருக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர், "1990 இல் யாழ்ப்பாணத்திலிருந்து உங்களை அனுப்பியதைப் பற்றிப் பேசாமல் இதை மட்டும் பேசுகிறீர்களே, கெட்டிக்காரி" என்று எழுதினார். என் வாப்பாவின் குடும்பம் அந்த ஒக்டோபரில், புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது. ஊர் எது என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

பழைய லொட்ஜ்காரன் எழுதியது:

பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள். நான் வயதான ஆள், எதிர்ப்பக்கம் நின்று சொல்கிறேன்.

ஊர் கேட்பதில் என்ன குற்றம்? பம்பலப்பிட்டிக் கோயிலிலும் கேட்கிறோம், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறோம். அரைவாசிப் பேருக்கு அது உறவு தேடும் வழி. தமிழ்ச் சங்க நூலகத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஊர் கேட்டேன். பார்த்தால், நேரலையில் 2024 ஜனாதிபதித் தேர்தலின் தமிழ்ப் பொது வேட்பாளர் விவகாரத்தில் என்னை வாட்டியெடுத்தவர் அவர்தான், எங்கள் அயலூர். இப்போதும் அந்த வேட்பாளர் அரியநேத்திரன் எடுத்த 2 இலட்சத்து 26 ஆயிரம் வாக்குகள் வெற்றியா தோல்வியா என்பதில் எங்களுக்குள் ஒத்துவராது. மூன்றாவது மேசையில் இருந்தவர் எழுந்து வந்து அதட்டும்வரை வாதாடினோம்.

நீங்கள் சொல்லும் கேள்வியை நான் வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். 2007 ஜூன் 7, விடியற்காலை. வெள்ளவத்தையில் நான் முகாமையாளராக இருந்த லொட்ஜுக்குப் பொலிஸார் வந்தார்கள். ஊர் எது, கொழும்பில் என்ன வேலை. வெளிநாட்டுக்குப் போக விசாவுக்குக் காத்திருந்த பெண்ணும், கண் வைத்தியத்துக்கு வந்த கிழவரும் சொன்னது அவர்களுக்குத் தகுந்த காரணமாகப் படவில்லை. வடக்கு, கிழக்குக்குத் திருப்பி அனுப்ப பஸ்ஸில் ஏற்றினார்கள். அன்று கொழும்பு லொட்ஜுகளிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் 376 பேர் என்று பிறகு பத்திரிகையில் வந்தது. மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. கிழவர் திரும்பி வந்தார், கண்ணுக்குக் கட்டுப் போடும் மருந்துப் பெட்டியை மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தார், எடுத்துக் கொடுத்தேன்.

அது வேறு, இது வேறு. துவக்கோடு வந்து கேட்பவனையும், தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கேட்பவனையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

ஐயா, நூலகத்தில் நீங்கள் ஊரைக் கேட்ட பிறகும் அவருடைய வாதத்தைக் கேட்டீர்கள். எங்கள் நேரலையில் ஊரைக் கேட்டதும் வாதம் முடிந்துவிடுகிறது. என் முறைப்பாடு அவ்வளவுதான்.

வரும் ஞாயிறு தலைப்பு மாகாண சபைத் தேர்தல். வடக்கில் கடைசியாக 2013 செப்டெம்பரில் நடந்தது. அந்தச் சபையின் காலம் 2018 இல் முடிந்த பிறகு தேர்தலே இல்லை. மேல் மாகாண சபைக்கும் அதே கதிதான், ஆனால் அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடுவதில்லை. நான் அதைத்தான் பேசப் போகிறேன். ஊர் கேட்டு எழுதுகிறவர்களை அரட்டைப் பெட்டியிலிருந்து நீக்க வேண்டும் என்று சிலர் நெறியாளர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நீக்க வேண்டாம் என்பது என் வாக்கு. கேட்கட்டும். நான் கொட்டாஞ்சேனை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் மேல் மாகாண சபையைப் பற்றி எழுதுகிறேன். கொழுந்துக்கூடைத் தங்கச்சி, எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். மத்திய மாகாணத்தைப் பற்றிப் பேச ஆள் வேண்டும்.